அரசாங்க ஊழியரும் மின்வழிப் பயிற்சியும்

தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வருவோர் பெரும்பாலும் வந்திறங்கும் இடம் தம்பானூர். சாலையின் ஒரு புறம் 1931ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரயில் நிலையம். எதிர்ப்புறம் நாகர்கோயிலுக்கும் கன்னியாகுமரிக்கும் வண்டிகள் புறப்படுகின்ற பேருந்து நிலையம். பக்கத்திலேயே ரயில்வே தபால் பிரிப்பு அலுவலகம். இந்தச் சிறு வட்டத்துக்குள் பகலும் இரவும் பணி புரிகின்ற அரசாங்கச் சிப்பந்திகள் பல நூறு பேர். டிக்கெட் பரிசோதகர், பாயிண்ட்ஸ்மேன், நிலைய அதிகாரி, பேருந்து நடத்துநர், தபால் பிரிப்பவர், போலீஸ்காரர் என்று எத்தனையோ வகையினர். அவர்களுள் வீட்டில் தமிழ் பேசுவோர் குறைவல்லர். திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் 1979ஆம் ஆண்டில் தனியே அமைக்கப்பட்டபோது, மொழிவழி மாநிலப் பிரிவினையில் தமிழகத்தோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்து நிலையங்களும் அதற்குள் வந்தன. ஆதலால் இங்கே ஒரே ஆணையைத் தமிழர், மலையாளி, பீகாரி, ராஜஸ்தானி ஆகிய நால்வரும் படித்து ஒரே பொருள் கொண்டாக வேண்டியிருக்கிறது.

இத்தகைய ஊழியருக்கு வேலைப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு இன்று மெல்ல மெல்லக் கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறி வருகிறது. அதற்கான கருவிகளை அரசாங்கம் எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தபின் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது காரியாலயக் கோப்புக்குரிய வறண்ட விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வடக்கே நாகபுரியிலும் கரக்பூரிலும் பம்பாயிலும் தில்லியிலும் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர் ஒவ்வொருவரையும் இது தொடுகிறது. பிறமொழி வழங்கும் ஊரில் பணி செய்பவருக்கு, பயிற்சி புரிந்ததா புரியவில்லையா என்பது பல சமயங்களில் உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடுவதுண்டு.

முற்காலத்தில் பயிற்சி என்றால் பயணம் என்று பொருள். தென்னக ரயில்வேயின் நிலைய அதிகாரியும் கார்டும் பெட்டி படுக்கையோடு திருச்சிராப்பள்ளியிலுள்ள மண்டலப் பயிற்சி நிலையத்துக்குப் போவார்கள். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் இளநிலை உதவியாளர் பவானிசாகருக்குப் போவார். கேரள அரசாங்க அலுவலர் திருவனந்தபுரம் பார்ட்டன் ஹில்லில் உள்ள அரசு மேலாண்மைக் கழகத்துக்கு வருவார். இவ்வேற்பாடுகள் இன்றும் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். ரயில்வேப் பயிற்சி நிலையத்தின் மாதிரி அறையில் சிறு தண்டவாளமும் சிறு கைகாட்டியும் அமைத்துக் கையால் இழுத்துப் பார்த்துக் கற்பதற்கு ஈடாக எந்தத் திரையும் வாராது. விடுதியில் உடன் உண்டவரோடு ஏற்படுகின்ற நட்பு, பிற்காலத்தில் தொலைபேசியில் ஒரு சந்தேகம் கேட்கும் உரிமையையும் தருகிறது. ஆயினும் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால் அவரது இருக்கையில் இன்னொருவர் அமர வேண்டும். ஆள் குறைவான நிலையங்களில் அந்த இன்னொருவர் கிடைப்பது அரிது. ஆகவே பயிற்சி தள்ளிப்போகிறது. விதி மாறியிருக்கும், மாறிய விதி ஊழியரைச் சென்றடைய மாதங்கள் ஆகும். மின்வழிக் கல்வி இந்த இடைவெளியை நிரப்ப வல்லது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொரோனா நோய் பரவிய சமயம், மருத்துவருக்கும் செவிலியருக்கும் பிற முன்னணிப் பணியாளருக்கும் அவசரப் பயிற்சி அளிப்பதற்காக ‘ஐகாட்’ என்னும் தளம் திறக்கப்பட்டது. பள்ளி ஆசிரியர்களுக்காக 2017ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தப்பட்டிருந்த ‘தீக்ஷா’ என்னும் தளம் அதற்கு உதவிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் மத்திய மந்திரிசபை ‘மிஷன் கர்மயோகி’ என்னும் திட்டத்துக்கு இசைவளித்தது. ஏறத்தாழ 46 லட்சம் மத்திய அரசாங்க ஊழியருக்காக, ஐந்தாண்டுகளில் 510 கோடியே 86 லட்சம் ரூபாய் செலவிடுவது அத்திட்டம். அதன் தளத்தை நடத்துவதற்கென்று ‘கர்மயோகி பாரத்’ என்னும் அரசாங்கக் கம்பெனி 2022ஆம் ஆண்டில் தோன்றிற்று. தபால் இலாகாவோ தன் ஊழியரைக் கொண்டே ‘டாக் கர்மயோகி’ என்னும் தளத்தை அமைத்து, 2022 ஜூன் 28ஆம் நாள் திறந்துவைத்தது. கிராமத் தபால் சேவகரையும் இலாகா ஊழியரையும் சேர்த்து ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் அதற்குரியவர்கள். ஐகாட் தளத்தில் பதிவு செய்துகொண்டோர் தொகை 2025ஆம் ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டியது.

ஒரு கோடி என்பது பெரிய எண்தான். எனினும் பதிவு செய்தவர் வேறு, படித்தவர் வேறு, படித்ததை வேலையில் கையாண்டவர் வேறு. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டொனால்டு கர்க்பாட்ரிக் என்னும் பேராசிரியர், பயிற்சியின் பயனை அளப்பதற்கு நான்கு படிகளை வகுத்தார். பயிற்சி பெற்றவருக்கு அது பிடித்திருந்ததா? அவர் கற்றுக்கொண்டாரா? கற்றதற்கேற்ப வேலையில் நடந்துகொள்கிறாரா? அதனால் காரியத்தில் நன்மை விளைந்ததா? அறுபதாண்டுகளுக்கு மேல் சென்ற பின்னும் இந்த நான்கு கேள்விகளை மிஞ்சிய அளவுகோல் பயிற்சித் துறையில் பரவலாக வழங்கவில்லை. நம் காரியாலயங்களில் எண்ணப்படுவதோ இவை நான்கினுள் எதுவுமன்று. சான்றிதழ்கள் எண்ணப்படுகின்றன, மணி நேரங்கள் எண்ணப்படுகின்றன. 2024 அக்டோபரில் தேசியக் கற்றல் வாரம் ஒன்று கொண்டாடப்பட்டபோது, ஒவ்வோர் ஊழியரும் குறைந்தது நான்கு மணி நேரம் கற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் நேரத்தை இலக்காக வைத்தால், படத்தை ஓடவிட்டுத் தேநீர் அருந்தப் போவதும் கற்றலாகக் கணக்கில் ஏறிவிடும் அல்லவா? மேலதிகாரி கேட்கிறார் என்பதற்காக ஒருவருடைய பாடத்தை இன்னொருவர் முடித்துக் கொடுக்கும் வழக்கம் எந்த அலுவலகத்துக்கும் புதிதன்று. கருவியைக் குறை கூறிப் பயனில்லை. எதை எண்ணச் சொல்கிறோமோ அதைத்தான் அது எண்ணும்.

இனி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். விற்பனைக்கு வருவோர் வண்ணப் படங்களையும், பேசும் பொம்மைகளையும், வெற்றி பெற்றவருக்கு மின்னும் பதக்கங்களையும் காட்டுவார்கள். தேர்வுக்குழுவில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற மேல்நிலை அலுவலர். விசாலமான மேசையும் விரைவான இணைய இணைப்பும் உள்ளவர்கள். அவர்களுக்கு அது அழகாகவே தோன்றும். அக்கருவியை உண்மையில் பயன்படுத்தப் போகின்றவரோ, இரவுப் பணி முடிந்து நான்காம் நடைமேடையின் ஓரத்தில் விரல் அகலமான கீறல் விழுந்த கைப்பேசியை வைத்துக்கொண்டு நிற்பவர். தேர்வு அவர் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. அப்படித் தொடங்கினால் முதலில் எழுகின்ற கேள்வி மொழி.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு மே மாதம், மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையில் ஒரே பாதையில் எதிரெதிராக இரண்டு பயணிகள் வண்டிகள் செல்ல நேர்ந்தது. நல்வேளையாக மோதல் தவிர்க்கப்பட்டது. இரு நிலையங்களின் அதிகாரிகளும் ஒருவர் பேசியதை மற்றொருவர் சரிவரப் புரிந்துகொள்ளாமையே காரணம் என்று அப்போது பேசப்பட்டது. ஒருவர் தமிழர், மற்றவர் இந்தி பேசுபவர். அடுத்த மாதத்தில், நிலைய அதிகாரிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் தம்முள் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும் என்று தென்னக ரயில்வே சுற்றறிக்கை விடுத்தது. தமிழகத்தில் பலத்த எதிர்ப்பு எழவே அது திரும்பப் பெறப்பட்டது.

அரசியல் வழக்கை அரசியல் மேடைக்கே விட்டுவிடுவோம். பயிற்சித் துறையின் கண்ணால் பார்க்கும்போது இங்கே தெரிவது என்ன? ‘லைன் கிளியர்’ கேட்பதும் கொடுப்பதும், அதை உறுதி செய்ய ஒரு தனி எண்ணைச் சொல்லிப் பெறுவதும், நாள்தோறும் நடக்கும் சடங்கு. அன்றாடச் சடங்கில் மொழி தடுமாறாது. கைகாட்டி பழுதானால், கேட்டு மூடாவிட்டால், வண்டியை நிறுத்தி வைக்க வேண்டுமானால், வழக்கமல்லாத சொற்களை வேகமாகப் பேச வேண்டியிருக்கும். தடுமாற்றம் அங்கேதான் நேர்கிறது. அத்தகைய தருணங்களுக்கு வேண்டிய வாக்கியங்கள் நூறோ இருநூறோ இருக்கலாம். ராஜஸ்தானிலிருந்து கள்ளிக்குடிக்கு வந்தவர் அவற்றைத் தமிழில் கேட்டுப் பழகவும், தூத்துக்குடியிலிருந்து தம்பானூருக்கு வந்தவர் மலையாளத்தில் கேட்டுப் பழகவும், தம் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்து திருத்தம் பெறவும் வழி செய்வதுதான் மின்வழிக் கல்வி மிக நன்றாகச் செய்யக்கூடிய காரியம். அதற்கு வேண்டுவது ஒலியைக் கேட்பிக்கவும் ஒலியைத் திரும்பப் பெறவும் தெரிந்த எளிய கருவி. சந்தையில் கிடைப்பவற்றுள் பலவும் படத்தைக் காட்டி, கீழே நான்கு விடைகளை வைத்து, ஒன்றைத் தொடச் சொல்வனவாகவே இருக்கின்றன. நான்கில் ஒன்றைத் தொடத் தெரிந்தவருக்கு நடுநிசியில் தொலைபேசியில் பேசத் தெரிந்துவிடும் என்று யாரே துணிந்து கூறுவர்!

கேரளத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்கும் பொருட்டு மாநில எழுத்தறிவு இயக்கம் 2017ஆம் ஆண்டில் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சங்ஙாதி என்றால் தோழன். ‘ஹமாரி மலயாளம்’ என்னும் பாடநூலும் அதற்காக இயற்றப்பட்டது. வந்தவருக்கு ஊர்மொழியைத் தோழமையோடு கற்பிக்க முனைந்த அந்தத் திட்டத்தின் மனப்பான்மை, அரசாங்க ஊழியர் பயிற்சியிலும் இடம் பெறத் தக்கது. மத்தியத் தளங்களில் இப்போது ஆங்கிலப் பாடங்களும் இந்திப் பாடங்களுமே மிகுதி. பிற மொழிகளும் மெல்லச் சேர்ந்துவருகின்றன. இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டு ஒரே இரவில் எல்லா மொழிகளிலும் பாடம் செய்துவிடலாம் என்று சொல்வோர் உண்டு. அலுவலக நடைமுறை, கணக்கு விதி போன்றவற்றுக்கு அது ஓரளவு உதவக்கூடும், ஒருவர் படித்துத் திருத்துவாராயின். வண்டியை நிறுத்து என்பதற்கும் நிறுத்தி வை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் இயந்திரத்தின் பொறுப்பில் விடலாகாது. அந்த வேலையைச் செய்த ஒருவர் காதால் கேட்டு ஒப்ப வேண்டும்.

மொழிக்கு அடுத்தது பாடத்தின் எடை. வானொலியில் பேசுகின்ற நாம் ஒலிக்குப் பரிந்து பேசுவது இயல்பே என்று நேயர்கள் நகைக்கலாம். கணக்கைப் பார்த்தபின் நகையுங்கள். தெளிவான பேச்சொலிக்கு விநாடிக்கு 32,000 பிட்டுகள் போதும். பத்து நிமிடப் பேச்சு இரண்டரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதே பத்து நிமிடத்தை விநாடிக்குப் பத்து லட்சம் பிட்டுகளில் படமாகக் கொடுத்தால் 75 மெகாபைட்டு ஆகும். ஏறத்தாழ முப்பது மடங்கு. கைப்பேசி ஊழியருடையது, அதற்குக் கட்டணம் செலுத்துபவரும் ஊழியரே. கையால் செய்து காட்ட வேண்டியதற்குப் படம் வேண்டும்; தீயணைப்புக் கருவியை இயக்கும் விதத்தைச் சொல்லால் மட்டும் விளக்க முடியாது. விதியை விளக்குவதற்கு ஓர் அதிகாரி நாற்காலியில் அமர்ந்து பேசுவதை முக்கால் மணி நேரம் படமெடுப்பது வீண். இணைப்பு இருக்குமிடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாத இடத்தில் படிக்கும் வசதி இல்லாத கருவியை அரசாங்கம் வாங்கவே கூடாது. இரணியல், குழித்துறைப் பக்கத்து ரயில்வே கேட்டுகளில் பணிபுரிவோரையும் கருதித்தானே வாங்குகிறோம்?

காது கேளாதோர், பார்வையற்றோர் ஆகிய ஊழியரையும் இங்கே நினைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்வழித் தகவல்கள் அவர்களுக்கும் எட்டக்கூடியனவாக இருக்க வேண்டும் என்கிறது. ஒலிப்பாடத்துடன் எழுத்துவடிவம் இருத்தலும், எழுத்தைப் படித்துக் காட்டும் கருவிக்கு இசைந்ததாகப் பாடம் அமைதலும் சட்டப்படியான கடமைகள், சலுகைகள் ஆகா.

எப்போது படிப்பது என்பதும் ஒரு பெரிய கேள்வி. எஞ்சின் ஓட்டுநர் வண்டியில் இருக்கும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது; அது பாதுகாப்பு விதி. நடத்துநர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே படிக்க இயலாது. எஞ்சியது ஓய்வு நேரம். ஓய்வு அறையில் உறங்க வேண்டிய மனிதரிடம், நாளை அறிக்கை போக வேண்டும், இன்றிரவே இரண்டு பாடங்களை முடித்து விடு என்பது எவ்வகையில் நியாயம்? ஓட்டுநரின் தூக்கமும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். பயிற்சிக்குச் செலவாகும் நேரம் பணி நேரமே என்று ஆணையில் எழுதி, பணிப் பட்டியலிலும் அதற்கு இடம் விடாத அலுவலகம், எவ்வளவு உயர்ந்த கருவியை வாங்கினாலும் அதை ஊழியரின் உறக்கத்தை விற்றுத்தான் நடத்துகிறது. பயிற்சியை ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையோடு இணைக்கும் போக்கு வளர்ந்துவருவதால், இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, உடைமை. ஓர் அலுவலகம் ஒரு கம்பெனியோடு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு இருநூறு பாடங்களை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் ஆண்டில் கம்பெனி விலையை இரட்டிக்கிறது, அல்லது கடையைக் கட்டிவிடுகிறது. பாடங்கள் எங்கே? ஊழியர் தேறிய பதிவுகள் எங்கே? கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கின்றன. இதைத் தவிர்ப்பதற்கு உலகம் முன்னரே வழி கண்டிருக்கிறது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா தொடங்கிய முயற்சியின் விளைவாக ‘ஸ்கார்ம்’ என்னும் பொது இலக்கணம் உருவாயிற்று. அந்த இலக்கணப்படி கட்டப்பட்ட பாடத்தை, அதை ஏற்கும் எந்தத் தளத்திலும் எடுத்து வைத்து நடத்தலாம். ஒரு கம்பெனியின் திருகாணி இன்னொரு கம்பெனியின் இயந்திரத்தில் பொருந்துவது போன்றது அது. அமெரிக்கப் படைக்கு நேர்ந்த தொல்லை நம்முடைய தொல்லையேதான்: ஒரு தளத்துக்காகப் பெரும்பணம் கொடுத்துச் செய்த பாடம் மறுதளத்தில் ஓடவில்லை.

மென்பொருளே பொதுவுடைமையாக இருத்தல் மற்றொரு வழி. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூடில்’ என்னும் கற்பித்தல் மென்பொருளை எவரும் கட்டணமின்றி எடுத்து, தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். நம் நாட்டுத் தீக்ஷா தளத்துக்கு அடிப்படையாக உள்ள ‘சன்பேர்டு’ என்பதும் திறந்த மென்பொருளே. இந்திய அரசாங்கம் 2015ஆம் ஆண்டிலேயே திறந்த மென்பொருளுக்கு முதலிடம் கொடுக்கும் கொள்கையை அறிவித்திருக்கிறது. ஆனால் கட்டணமில்லை என்பதால் செலவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதை நிறுவுவதற்கும், நாள்தோறும் காப்புப்படி எடுப்பதற்கும், புதுப்பிப்பதற்கும் தெரிந்த ஆள் வேண்டும். கிணறு பொதுவானாலும் கயிறும் வாளியும் நம்முடையனவாக இருக்க வேண்டும்.

அந்தக் கயிறும் வாளியும் சேர்த்து வைத்துக்கொண்ட ஓர் அரசாங்க ஸ்தாபனம் தம்பானூரிலிருந்து சிறிது தொலைவில், பூஜப்புரையில் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் பரப்புவதற்காக 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டம், 2017ஆம் ஆண்டில் ‘கைட்’ என்னும் அரசாங்கக் கம்பெனியாயிற்று. பள்ளிக் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றியதும், 2020 ஜூன் முதல் நாள் ‘விக்டர்ஸ்’ தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குப் பாடம் கொண்டுசென்றதும் அதன் பணிகளில் சில. ஆசிரியருக்காக ‘கூல்’ என்னும் இணையவழிப் படிப்பையும் அது நடத்துகிறது. அதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று. பாடத்தை வலையில் ஏற்றிவிட்டுக் கைகழுவவில்லை. கற்போரைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தினார்கள். அவ்வழிகாட்டியும் ஆசிரியரே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணினி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை அவர் அறிவார்.

இது நமக்குப் புதிய முறையன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவனுக்கு மணலில் எழுதக் கற்றுக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு கையாண்டு, 1797ஆம் ஆண்டில் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்குச் ‘சென்னை முறை’ என்றே பெயர். நம்மிடமிருந்து சீமைக்குப் போன அந்தச் சட்டாம்பிள்ளையை நம் காரியாலயங்களுக்குத் திரும்ப அழைத்து வருவதில் தவறில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு டிப்போவிலும், சகபாடிகள் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய ஒருவருக்கு வாரத்தில் சில மணி நேரம் இதற்கென்று ஒதுக்கிக் கொடுத்தால் போதும். ஐம்பத்தைந்து வயதுடைய பாயிண்ட்ஸ்மேன் கடவுச்சொல்லை மறந்துவிட்டுப் பயிற்சியையே விட்டுவிடுவது, அருகில் கேட்பதற்கு ஆளில்லாமையால்தான்.

நடத்தும் முறையில் இன்னொரு குறையை இங்கே குறிப்பிட வேண்டும். ரயில்வே விதிநூல் வைத்திருப்போர் அனைவரும் திருத்தச் சீட்டுகளை அறிவர். விதி மாறும்போதெல்லாம் அச்சிட்ட சிறு சீட்டு வரும். அதைப் பழைய பக்கத்தின்மீது ஒட்டிக் கையொப்பமிட வேண்டும். ஒட்டாத புத்தகத்தோடு பரிசோதகரிடம் அகப்பட்டால் என்னவாகும் என்று பழைய ஊழியரைக் கேளுங்கள். மின்வழிப் பாடத்தில் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருந்திவிடும். எத்துணைப் பெரிய வசதி! ஆனால் அந்த ஓரிடத்தில் திருத்துவதற்கு ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டுமே. பாடம் எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது மாற்றலாகியிருப்பார். பழைய விதி அழகிய குரலில் புதிய ஊழியருக்குச் சொல்லப்பட்டுக்கொண்டே இருக்கும். தவறான விதியைத் தவறாமல் கற்பிப்பதைக் காட்டிலும் கற்பிக்காமலிருப்பது மேல். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் முகப்பிலும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியும், சரிபார்க்கும் பதவியின் பெயரும் இருக்க வேண்டும். ஓராண்டுக்குள் சரிபார்க்கப்படாத பாடம் தானே மறைந்துவிடும்படி கருவியை அமைத்துக்கொள்ளலாம்; அதற்கு அதிகச் செலவும் இல்லை.

வாங்குவதற்குமுன் சோதித்துப் பார்ப்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. முப்பது பேரைக் கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். ஆனால் அந்த முப்பது பேரில் இளைஞரையும் கணினி தெரிந்தவரையும் பொறுக்கி அனுப்பும் வழக்கத்தை விட வேண்டும். மிகவும் மூத்தவர், மிகக் குறைந்த கல்வியுடையவர், அவ்வூர் மொழி அறியாதவர், இரவுப் பணிக்காரர் இவர்களே சரியான பரிசோதகர்கள். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. குறுகலான மனையில், சரிவாகச் சுழன்று மேலேறும் கட்டடம் அது. அந்தச் சரிவிலேயே மேசைகளையும் இருக்கைகளையும் கட்டிவிட்டார். வேறு ஊரில் நல்ல மனையில் எடுத்துக் கட்டினால் அதைக் கிறுக்குத்தனம் என்பார்கள். இந்த மனைக்கு, இங்கே காபி அருந்த வருவோருக்கு அது பொருந்துகிறது. பயிற்சிக் கருவியைப் பொறுக்கும் குழுவினர் ஒருமுறை அங்கே போய் அமர்ந்து பார்ப்பது நல்லது. காபியும் நன்றாகவே இருக்கும்.

கடைசியாக, வெளிமாநிலங்களில் பணிபுரியும் நம்மவருக்கு நெருங்கிய விஷயம் ஒன்று. மாற்றல் என்பது மத்திய அரசாங்க ஊழியரின் வாழ்வோடு பிறந்தது. தம்பானூரில் தேறிய பயிற்சி, அவர் நாகபுரிக்கோ கௌஹாத்திக்கோ போகும்போது உடன்செல்ல வேண்டும். பதிவு இலாகாவின் ஏட்டில் மட்டும் தங்கிவிடாமல், ஊழியர் தாமே எடுத்துப் பார்க்கவும் பிரதி செய்துகொள்ளவும் முடிய வேண்டும். எத்தனை முறை தவறினார், எந்த நேரத்தில் படித்தார் என்பன போன்ற விவரங்களை யார் யார் பார்க்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தனிமனிதர் விவரங்களைக் காக்கும் சட்டம் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுள்ளது. கற்கும்போது செய்த தவறு, பதவி உயர்வின்போது எதிரே வந்து நிற்கும் என்று அஞ்சுகின்றவர் தெரியாததைத் தெரியாது என்று ஒருபோதும் சொல்லமாட்டார். பக்கத்து மேசைக்காரரிடம் விடை கேட்டுச் சான்றிதழ் பெற்றுக்கொள்வார்.

உங்கள் அலுவலகத்தில் இத்தகைய கருவி வரப்போகிறது என்று சுற்றறிக்கை வந்தால், சங்கத்தின் வழியாகவோ நேரிலோ எழுதிக் கேளுங்கள்: எந்தெந்த மொழியில், எந்த நேரத்தில், யாருடைய செலவில், ஒப்பந்தம் முடிந்தபின் எங்கே என்று. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். வராவிட்டால் அதையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். தமிழில் பாடம் வேண்டுமென்று கேட்பவர், அதைச் சரிபார்த்துக் கொடுக்கத் தாமும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கத் தயார் என்று அதே கடிதத்தில் எழுதிவிட்டால், கோரிக்கையைத் தள்ளுவது மேலிடத்துக்குச் சற்றுக் கடினமாகும்.